லினக்ஸின் சேவை மூப்புப் பட்டியல்

மனிதகுலம் இயந்திரத்துக்கு ஒழுக்கம் கற்பித்த நாள் எது என்று நாளைய சரித்திரப் பாடப்புத்தகங்கள் கேட்கும். விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாத்தளையில், ஒரு புதன்கிழமை, முற்பகல் பதினொன்றே காலுக்கு, பிளேன்டி குடித்து முடித்த கையோடு. அந்த மகத்தான வேளையில் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவன் நான். ஆகவே இதில் ஒரு சொல்லும் மிகை இல்லை. நடந்ததை மட்டுமே குறிப்பில் எழுத வேண்டும் என்று எங்கள் கந்தோரில் ஒரு சுற்றறிக்கையே இருக்கிறது.

எங்கள் கந்தோரின் பெயர் ‘லய முகவரி உறுதிப்படுத்தல் நிலையம்’. ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழ்கிறவர்களுக்குத் தெருப் பெயர் கிடையாது, வீட்டு இலக்கம் கிடையாது. ஐந்நூறு குடும்பத்துக்கும் சேர்த்துத் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. இந்தக் குறையைத் தீர்க்க அவதரித்தவர்கள் நாங்கள். லயத்தின் ஒவ்வொரு அறைக்கும், அதாவது காம்பராவுக்கும், இலக்கம் கொடுத்து, ‘முகவரி உறுதிப் பத்திரம்’ அச்சடித்து, கையொப்பமிட்டு வழங்குவோம். அந்தத் தாள் இருந்தால் நீங்கள் ஓரிடத்தில் வாழ்கிறீர்கள். இல்லையென்றால் சும்மா இருக்கிறீர்கள்.

நாங்கள் மூன்று பேர். பொறுப்பதிகாரி விஜேந்திரன் சேர், சட்டைப்பையில் மூன்று நிறப் பேனாக்களோடு பிறந்தவர். தலைமை எழுதுவினைஞர் கமலாட்சி மிஸ், இருபத்தொன்பது வருட சேவை, இரண்டு முறை பதவி உயர்வில் தாண்டப்பட்டவர். முகாமைத்துவ உதவியாளர் ஸியாம், அதாவது நான்.

நாலாவது ஆள் கணினி. ஒன்றே ஒன்று. அதில் ஓடுவது லினக்ஸ். பொத்தானை அமத்தினால் முதலில் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு சிறிய பட்டியல் வரும். எதைத் தொடங்கட்டும் என்று அது பணிவோடு கேட்கும். பத்து விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, யாரும் பதில் சொல்லாவிட்டால், முதல் வரியில் இருப்பதைத் தானே தொடங்கிவிடும். பொதுமக்களைப் பத்து விநாடிக்கு மேல் காக்க வைக்காத ஒரு பொருள் எங்கள் கந்தோரில் இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தப் புதன்கிழமைக்கு முந்திய வியாழக்கிழமை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் றுஸ்தி வந்து, பிரிண்டரோடு பேசுவதற்கு ஒரு புதிய வைஃபை அட்டையைப் பூட்டினார். பழைய கெர்னலுக்கு அந்த அட்டையைத் தெரியாது. கெர்னல் என்றால் லினக்ஸின் இதயம் போன்ற பகுதி. ஆகவே அதைத் தெரிந்த ஒரு புதிய கெர்னலையும் ஏற்றினார். ஏற்றி முடிந்தது. பட்டியலில் அதன் பெயரை எழுதுவதற்கு முன் கரன்ட் போய்விட்டது. கரன்ட் திரும்பி வந்தபோது மணி நாலேகால். நாலேகாலுக்குப் பிறகு எங்கள் கந்தோரில் இதயம் உட்பட எதுவும் இயங்காது.

திங்கட்கிழமை காலை, எல்கடுவ பஸ்ஸில் விஜிதா வந்தாள். இருபத்துநாலு வயதிருக்கும். பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“சேர், வெள்ளிக்கெழம காலைல ஒம்பது மணிக்குக் கண்டியில தாதியர் பயிற்சிக்கு நேர்முகம். முகவரி உறுதிப் பத்திரம் கட்டாயம் கொண்டாரச் சொல்லியிருக்காங்க. இல்லாட்டி எடுக்க மாட்டாங்களாம்.”

“என்ன முகவரி தங்கச்சி?”

“மேல் பிரிவு, மூணாம் லயம், ஏழாம் காம்பரா. போன மாசம் நீங்கதான் சேர் வந்து கதவுல நம்பர் அடிச்சீங்க. பச்சை பெயின்ட்ல.”

அடித்தவன் நான்தான். ஏழின் கால் கொஞ்சம் வழிந்துவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டாள், நல்ல பிள்ளை.

அவளுடைய விவரம் கணினியில் இருந்தது. கையொப்பமிட ஆள் இருந்தார். தாளும் இருந்தது. பிரிண்டர் மட்டும் பழைய கெர்னலுக்குத் தெரியாத ஆளாய் மூலையில் உட்கார்ந்திருந்தது. றுஸ்திக்கு அழைப்பு எடுத்தேன். “ஒரு வரிதான் நானா, ஒரு நிமிஷ வேல. நாளைக்கு வாறன்” என்றார். நானா என்றால் அவருடைய பேச்சில் அண்ணன்.

செவ்வாய்க்கிழமை வந்தார். விசைப்பலகையில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து விஜேந்திரன் சேர் அறையிலிருந்து வெளியே வந்தார்.

“தம்பி, என்ன செய்யப் போறீங்க?”

“பட்டியல புதுப்பிக்கணும் சேர். ‘சூடோ அப்டேட்-கிரப்’ எண்டு ஒரு வரி ஈக்கு. அத அடிச்சி என்டர அமத்தினா அதுவே டிஸ்க தேடிப் பாத்து, உள்ளதெல்லாம் எழுதிக்கும். புது கெர்னல் மேல வந்துரும். மறுகா பிரிண்டரும் சரி.”

கமலாட்சி மிஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மேல வந்துருமா?”

“ஓ மிஸ்.”

“எப்ப சேந்தாரு அவரு?”

“யாரு மிஸ்?”

“அந்தப் புதுசு.”

“கெர்னலா? போன வியாழக்கெழம.”

“பழையவரு?”

“அது ஆறு வருஷம் ஈக்கும்.”

“ஆறு வருஷமா ஒரு நாள் லீவு போடாம வேல செஞ்சவரக் கீழ தள்ளிட்டு, போன வியாழக்கெழம வந்தவரத் தூக்கி மேல வெக்கிறதா? நல்லா இருக்கே நியாயம்!”

“மிஸ், அது ஆள் இல்ல. மென்பொருள்.”

“மென்பொருள்னா சேவைக்காலம் இல்லாமப் போயிருமா?”

விஜேந்திரன் சேர் சிவப்புப் பேனாவை எடுத்தார். நிலைமை பாரதூரமானது என்று அர்த்தம். “தம்பி, புதுசுதான் மேல வரணும்னு யாரு முடிவு செஞ்சது?”

“அத உண்டாக்கினவங்க சேர். வெளிநாட்டுல.”

‘வெளிநாட்டுத் தலையீடு’ என்று குறிப்பில் எழுதி அடிக்கோடிட்டேன்.

“நேர்முகப் பரீட்சை வெச்சாங்களா? வெற்றிடம்னு விளம்பரம் போட்டாங்களா?”

றுஸ்தி என்னைப் பார்த்தார். நான் குறிப்பைப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த விஜிதா எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

இதற்குள் இன்னொரு விடயம் அம்பலமானது. பட்டியலில் ஒரு பழைய விண்டோஸின் பெயரும் இருந்தது. அது குடியிருந்த டிஸ்க்கை எலி வயரோடு கடித்துவிட, மூன்று வருடத்துக்கு முன் நாங்களே கழற்றிப் போட்டுவிட்டோம்.

“அந்தப் பேரையும் இது எடுத்துரும்” என்றார் றுஸ்தி, ஆறுதல் சொல்வது போல.

“விசாரணை இல்லாமலா?” என்றார் கமலாட்சி மிஸ்.

“மிஸ், டிஸ்கே இல்ல. ஆள் மௌத்து.”

“மரண அத்தாட்சிப் பத்திரம் கோவையில இருக்கா ஸியாம்?”

கோவையை, அதாவது ஃபைலை, புரட்டித் தேடினேன். இல்லை. ஆகவே குறிப்பில் இப்படி எழுதப்பட்டது: ‘திரு. விண்டோஸ் அவர்கள் மூன்று வருடமாகக் கடமைக்குச் சமுகமளிக்கவில்லை. எனினும் அவரது சேவை முடிவுறுத்தப்பட்டதற்கான ஆவணம் எதுவும் இல்லை. பதினொரு வருட சேவையுடன் அவரே இந்தக் கணினியின் சிரேஷ்ட உத்தியோகத்தர் ஆவார்.’

மறுநாள், அதாவது சரித்திரப் பிரசித்தி பெற்ற அந்தப் புதன்கிழமை, பதினொன்றே காலுக்கு, கூட்டம் ஏகமனதாக முடிவெடுத்தது. பட்டியல் சேவை மூப்பின்படி அமைய வேண்டும். முதலில் விண்டோஸ். அடுத்து பழைய கெர்னல். கடைசியில், தகுதிகாண் காலத்தில், புதிய கெர்னல்.

றுஸ்தி தலையில் கை வைத்தார். “நானா, நான் வேணாம் எண்டு சொன்னத எழுதிக்கங்க.”

அது குறிப்பில் இடம்பெறவில்லை. இடம் போதவில்லை.

அவர் பட்டியலைக் கையால் ஒரு கோப்பில் எழுதினார், அந்தப் புகழ்பெற்ற வரியை அடித்தார், கணினியை நிறுத்தித் திரும்பத் தொடங்கினார். மூன்று பெயரும் மூப்பின்படி நின்ற காட்சியைப் பார்த்துக் கமலாட்சி மிஸ்ஸின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக எங்கள் கந்தோரில் யாரும் யாரையும் தாண்டவில்லை.

பத்து விநாடி போனது. கணினி முதல் வரியில் இருந்த திரு. விண்டோஸைக் கூப்பிட்டது. பிறகு, ‘அப்படியொரு சாதனம் இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு நின்றுவிட்டது.

“பிரச்சின இல்ல” என்றார் றுஸ்தி. “திரும்பப் போட்டுட்டு, கீழ்நோக்கிய அம்புக்குறிய ரெண்டு தரம் அமத்தினா புதுசுக்குப் போகலாம். இந்தா—”

“கைய எடுங்க!” என்று கத்தினார் கமலாட்சி மிஸ். “ரெண்டு தரம்னா ரெண்டு சிரேஷ்டரத் தாண்டுறீங்க. அதுக்கு அனுமதி வாங்கினீங்களா?”

நியாயமான கேள்வி. சிரேஷ்டரைத் தாண்டுவதென்றால் நான் விண்ணப்பிக்க வேண்டும், மிஸ் சிபாரிசு செய்ய வேண்டும், சேர் அங்கீகரிக்க வேண்டும். ஆனால் கணினி கொடுப்பதோ பத்து விநாடி. ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை நான் கோவையோடு ஓடி மிஸ்ஸின் மேசையை ஆறாவது விநாடியில் அடைந்தேன். மிஸ் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை மிஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு தயாராக நின்றார். நான் குப்பைக்கூடையில் தடுக்கி விழுந்தேன். மூன்றாம் தடவை கோவை சேரிடமே போய்விட்டது. அவர் ஒன்பதாவது விநாடியில் கையொப்பமும் போட்டுவிட்டார். ஆனால் திகதி முத்திரை நேற்றையது.

“பத்து விநாடி நிர்வாகத்துக்குப் போதாது” என்று தீர்ப்பளித்தார் சேர், மூச்சு வாங்க. “விண்ணப்பத்துக்குப் பதில் குடுக்க சுற்றறிக்கைப்படி பதினாலு நாள். அத இதுல போடலாமா தம்பி?”

“போடலாம் சேர்” என்றார் றுஸ்தி. அவருடைய குரலில் எல்லாம் ஓய்ந்துபோயிருந்தது. கைபேசியில் கணக்குப் பார்த்தார். “பன்னிரண்டு லட்சத்து ஒம்பதினாயிரத்து அறுநூறு விநாடி.”

“இடையில போயா லீவு வருதே, அதக் கழிச்சீங்களா?” என்றார் மிஸ்.

பதினைந்து நாளாக்கினோம். பன்னிரண்டு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம். தன்னுடைய பென்டிரைவ் வழியாக அந்த எண்ணைப் பதித்து, கணினியைத் திரும்பத் தொடங்கிவிட்டு றுஸ்தி பையைத் தூக்கினார். படியிறங்கப் போனவர் வாங்கின் அருகே நின்று, “மன்னிச்சிக்கங்க தங்கச்சி” என்று விஜிதாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. வெளியார் ஒருவர் எங்கள் பயனாளியிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் அதிகார வரம்பில் கைவைப்பதாகும். இருந்தாலும் பெருந்தன்மையோடு விட்டுவிட்டோம்.

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு விஜிதா நாலாவது நாளாக வந்தாள். கருப்புத் திரையில் மூன்று வரியும், அடியில் ஒவ்வொன்றாகக் குறைகிற பெரிய எண்ணும் இருந்தன.

“அந்த நம்பர் என்னா சேர்?”

“அது முடியிற நேரம் தங்கச்சி, அனுமதிக்குரிய காலம் முடியும்.”

எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “எனக்கு நாளைக்குக் காலைல ஒம்பது மணி சேர்.”

மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். கணினியிடம் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தது. அவளிடம் அறுபத்தெட்டாயிரத்து நானூறு.

“கையால எழுதித் தர முடியாதா சேர்? நீங்கதானே நேர்ல வந்து பாத்தீங்க.”

“கையால எழுதினா செல்லாது. டிஜிட்டல்மயம்.”

“அப்ப அந்த அம்புக்குறிய அமத்தினா வருமா?”

“வரும்.”

“ரெண்டு தரமா?”

“ரெண்டு தரம்.”

விசைப்பலகை என் வலது கையிலிருந்து எட்டு அங்குலத்தில் இருந்தது. அளவு சரியாகச் சொல்கிறேன்; பிறகு அளந்து பார்த்தேன். நான் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ஒழுக்கம் என்பது அதுதான்.

இரண்டரைக்கு விஜேந்திரன் சேர் ஒரு தாளோடு வெளியே வந்தார். சேவை மூப்புப் பட்டியலுக்குத் திங்கட்கிழமை திறப்பு விழா, மங்கள விளக்கு, பிரதம அதிதி. அழைப்பிதழ் எழுதியாயிற்று. அச்சடிக்க வேண்டும். சேர் கணினிக்கு முன்னால் நின்றார். ஒரு கையில் தாளைப் பிடித்தபடி மறு கையால் அம்புக்குறியை இரண்டு தரம் அமத்தினார். என்டர் அமத்தினார்.

புதிய கெர்னல் எழுந்து வந்தது. மூலையில் பிரிண்டர் ஒரு செருமலோடு விழித்துக்கொண்டது.

“சேர், அனுமதி...” என்றேன்.

“விழா அவசரம் ஸியாம். அவசரத்துக்குப் பொறுப்பதிகாரிக்குத் தற்றுணிவு இருக்கு.”

கமலாட்சி மிஸ் தலையை ஆட்டினார். தற்றுணிவு, அதாவது யாரையும் கேளாமல் முடிவெடுக்கும் அதிகாரம், சேவைக்காலத்தோடு வருவது.

தடித்த தாளை எடுத்துப் பிரிண்டரில் வைத்தவன் நான். நூற்றிருபது அழைப்பிதழ்கள். ஒவ்வொன்றாக, சூடாக, சீராக வந்து விழுந்தன. நாற்பது நிமிடம். வாங்கில் விஜிதா எழுந்து நின்றாள். ஒவ்வொரு தாளுக்கும் அவளுடைய கண் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது. அடுத்தது தன்னுடையது என்று நினைத்தாளோ என்னவோ.

அறுபதாவது தாளில் நான் மிஸ்ஸிடம் குனிந்து சொன்னேன். “மிஸ், மெஷின் ஓடிட்டுத்தானே இருக்கு. அந்தப் பிள்ளையோடதையும் ஒண்ணு...”

“அது வேற கோவை ஸியாம்.”

வேறு கோவைதான். பச்சை நிறக் கோவை. அழைப்பிதழ்களுடையது மஞ்சள்.

மூன்று பத்துக்கு நூற்றிருபதும் முடிந்தது. மின்சாரச் சிக்கனம் கருதிச் சேர் தன் கையாலேயே கணினியை நிறுத்தினார். பிறகு, நாங்கள் ஒன்றும் மறைப்பவர்கள் அல்ல என்பதால், திரும்பத் தொடங்கிவிட்டார். பட்டியல் வந்தது. எண் பன்னிரண்டு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்திலிருந்து மறுபடி குறையத் தொடங்கியது.

அழைப்பிதழ்களைத் தபாலுறையில் போட்டபோது ஒன்று மிஞ்சியது. வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. அதை விஜிதாவிடம் கொடுத்தேன். வாசித்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு சேர்” என்றாள். “என்னோடது மூணு வரிதானே.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் குறிப்பில் எழுதியிருப்பேன்.

திங்கட்கிழமை விழா, மாத்தளை இதுவரை காணாத விழா. வெற்றிலை கொடுத்துப் பிரதம அதிதியை வரவேற்றோம். விளக்கேற்றினோம். கமலாட்சி மிஸ் பட்டுச் சேலையில் வந்து ‘மூப்பும் மேன்மையும்’ என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேசினார். பிரதம அதிதி, நாங்கள் சுட்டிக்காட்டியபடி, முதல் வரியில் வைத்து என்டர் அமத்தினார். திரையில் ‘அப்படியொரு சாதனம் இல்லை’ என்று வந்தது. கரகோஷம் இரும்புக் கடை வரை கேட்டதாம். எங்கள் நிலையம் பொதுமக்களுக்கு அன்றுவரை சொன்ன பதில்களில் மிக நேர்மையானது அது என்று யாரோ பின்வரிசையில் சொன்னார்கள். றுஸ்தியாக இருக்கலாம். அழைப்பிதழ் அவருக்கும் போயிருந்தது.

சிற்றுண்டி நேரத்தில் விஜிதா படியேறி வந்தாள். விழாவுக்கு வந்தவள் போல இருக்கவில்லை. பாதத்தில் சேறு.

“போனியா தங்கச்சி, கண்டிக்கு?”

“போனேன் சேர். எல்லாப் பத்திரமும் பாத்தாங்க. நல்ல ரிசல்ட்னு சொன்னாங்க. முகவரிப் பத்திரம் இல்லாம எடுக்க முடியாது, அடுத்த வருஷம் வாங்கன்னாங்க.”

“பரவாயில்ல, அடுத்த வருஷம்...”

“அடுத்த மாசத்தோட எனக்கு வயசு எல்ல முடியுது சேர்.”

கையிலிருந்த, மீன் அடைத்த மாலு பணிஸை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

“நான் ஒரு முறைப்பாடு குடுக்கணும்” என்றாள்.

பக்கத்தில் நின்ற விஜேந்திரன் சேருக்கு இது கேட்டது. வேறு கந்தோர் என்றால் அதிகாரி முகம் சுளித்திருப்பார். எங்கள் சேர் மலர்ந்தார். “தாராளமாக் குடுங்க பிள்ள. நம்ம கந்தோர் திறந்த புத்தகம். ஸியாம், படிவம் குடுங்க. மூணு பிரதி.”

கொடுத்தேன். என் மேசையிலேயே உட்கார இடம் கொடுத்தேன், பேனாவும் கொடுத்தேன். அழகான கையெழுத்து. பெயரை எழுதினாள். இரண்டாவது கட்டத்துக்கு வந்தாள். அது முகவரி. அதன் கீழே சிறிய எழுத்தில் நானே முன்பு தட்டச்சு செய்த வாசகம் இருந்தது: ‘முகவரி உறுதிப் பத்திரத்தின் பிரதியொன்று இணைக்கப்படல் வேண்டும். இணைக்கப்படாத முறைப்பாடுகள் பொறுப்பேற்கப்பட மாட்டா.’

அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். பேனாவை மூடினாள். என் பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.

பத்திரம் கிடைத்தவர்களுக்கு எங்களிடம் குறை இல்லை. குறை உள்ளவர்களிடம் பத்திரம் இல்லை. நிலையம் ஆரம்பித்து முப்பது வருடங்கள் பூர்த்தியாகும் இவ்வேளையில், இன்றுவரை எங்களுக்கு எதிராக ஒரு முறைப்பாடேனும் பதிவாகவில்லை என்பதை மிகுந்த பெருமையோடு அறியத் தருகிறேன்.